மஹ்மூத் மேசனும் மண்டபத்து முன்கதவும்

கண்டி மெதடிஸ்த கோயிலுக்குப் பக்கத்தில் நின்ற கூட்ட மண்டபத்தைக் கட்டியது யார் என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் யாரைக் கேட்டிருந்தாலும், “ஜமால்தீன் ஓடாவி” என்றுதான் பதில் வந்திருக்கும். ஓடாவி என்றால் தச்சுவேலைக்காரன். கூரையும் கதவும் யன்னலும் செய்தவன். மண்டபம் என்றால் அவ்வளவுதானா? சுவர் இல்லாமல் கூரை ஆகாயத்தில் தொங்குமா? அத்திவாரத்திலிருந்து முகட்டுச் சுவர் வரைக்கும் கருங்கல்லும் செங்கல்லுமாக எழுப்பிய மனிதர் ஒருவர் இருந்தார். பெயர் மஹ்மூத். கட்டுக்கலை என்ற இடத்தில் குடியிருந்த மேசன். அவர் பெயர் யார் வாயிலும் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

இதில் இன்னொரு கொடுமை, ஜமால்தீன் அவருக்கு வேற்று ஆள் இல்லை. சகலன். மஹ்மூத் கட்டியது மூத்தவள் றம்லத்தை. ஜமால்தீனுக்குக் கொடுத்தது இளையவள் ஸக்கியாவை. இடையில் சில வருஷங்கள் மஹ்மூத்தான் அந்த வீட்டுக்கு ஒரே மருமகன். மாமனார் அவரைக் கண்டதும் கதிரையை விட்டு எழுந்தார். மாமி அவருக்கென்று தனியாகத் தேநீர் ஊற்றி அனுப்பினாள். மனிதருக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்போதுதான் தெல்தெனியாவிலிருந்து ஜமால்தீன் மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தான், வாயெல்லாம் பல்லாக.

அவன் வந்ததும் சிரித்தான், மாமனார் சிரித்தார். அவன் ஒரு பகிடி சொன்னான், அடுப்படிக்குள் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. மஹ்மூத் அந்த வீட்டில் இத்தனை வருஷமாக ஒருவரையும் சிரிக்க வைத்ததில்லை. அது தன் வேலை என்றும் அவர் நினைத்ததில்லை. பெருநாளைக்கு எல்லோரும் சவன் என்ற பெரிய தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடும்போது, பெரிய இறைச்சித் துண்டு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவர் பார்த்தார். அது ஜமால்தீனின் பக்கத்தில் இருந்தது. அடுத்த பெருநாளைக்கும் அங்கேதான் இருந்தது. மாமி வேண்டுமென்றே வைத்தாளா, தானாக அப்படி அமைந்ததா, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். மஹ்மூத் என்னவோ வேண்டுமென்றே வைத்ததாகத்தான் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் அலுமாரிக் கதவு இறுகினால் றம்லத், “ஜமால் தம்பி வந்தா சரியாக்கித் தருவார்” என்பாள். பாவம், அவள் ஒன்றும் யோசித்துச் சொன்னதில்லை. அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவருக்கு வயிறு எரிந்தது.

இந்த மண்டப வேலை வந்தது இருபத்தெட்டாம் ஆண்டில். கோயில் பழையது, சரிவில் கருங்கல் மேடை கட்டி, கூர்நுனி யன்னல்கள் வைத்து, முந்தின தலைமுறை வெள்ளைக்காரப் பாதிரிமார் எழுப்பியது. ஞாயிற்றுக்கிழமையில் அதே கோயிலுக்குள் இங்கிலீஷ் ஆராதனை, சிங்கள ஆராதனை, தமிழ் ஆராதனை என்று ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். இங்கிலீஷ் பாட்டு முடியாமல் தமிழ்ச் சனம் உள்ளே போக முடியாது. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து விடியவே புறப்பட்டு வந்த குடும்பங்கள் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு மழையில் இறவாரத்தின் கீழே ஒடுங்கி நின்றன. இதைப் பார்த்துப் பொறுக்க மாட்டாமல் மண்டபம் வேண்டும் என்று சண்டை பிடித்தவர் தேவசகாயம் மாஸ்டர். யாழ்ப்பாணத்தார்; பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர்; கட்டடக் கமிட்டிக்குச் செயலாளர். அவர்தான் மஹ்மூத்தைத் தேடிப் பிடித்து வேலையைக் கொடுத்தார்.

“கோயில் வேலைக்குப் போறீங்களா?” என்று பள்ளிவாசலில் ஒருவர் கேட்டதற்கு மஹ்மூத், “நான் கட்டுறது செவரு. உள்ள யாரு என்ன ஓதினாலும் செவருக்குக் கேக்காது” என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே பகிடி அதுவாகத்தான் இருக்கவேண்டும். யாரும் சிரிக்கவில்லை.

தச்சு வேலைக்கு அவர் மனதில் வேறு ஆள் இருந்தான். றம்லத் விடவில்லை.

“ஸக்கியாட மாப்புள வேல இல்லாம ஈக்கிறார். வெளி ஆளுக்குக் குடுக்கிறத அவருக்குக் குடுத்தா என்ன?”

‘அவனைக் கண்டால் எனக்கு ஆகாது’ என்று மனைவியிடம் சொல்லலாமா? மஹ்மூத் தானே போய் ஜமால்தீனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேலியில் போனதைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டது போல ஆயிற்று காரியம்.

மண்டபத்துக்கு வரைந்த படத்தில் மஹ்மூத்துக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று இருந்தது. உட்சுவருக்குப் பூச்சு கிடையாது. செங்கல் அப்படியே வெளியே தெரியவேண்டும். கூரையின் அடியில் பலகை அடித்து மறைத்துவிட வேண்டும். அதாவது உள்ளே வருகிற ஆள் தலையைத் தூக்கினால் வெறும் பலகை. நேரே பார்த்தால் மஹ்மூத்தின் சுவர். மேசன் மனதுக்குள் துள்ளினார். கற்களைத் தட்டிப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நிறம் மங்கினதை ஒதுக்கினார். மூட்டுகளைக் கோலில் பிடித்த மாதிரி ஒரே கனமாக ஓட்டினார். கோயிலின் கூர்நுனி யன்னல்களுக்கு ஜோடியாக மண்டபத்துக்கும் கூர்நுனி வளைவுகள் கேட்டிருந்தார்கள். அந்த வளைவுக் கற்களைத் தரையில் அடுக்கிப் பார்த்து, ஒவ்வொன்றையும் கையால் தேய்த்துத்தான் மேலே ஏற்றினார். சாந்து குழைத்த பழனியாண்டி, கலஹாத் தோட்டத்திலிருந்து வந்த ஆள், “பாஸு, இத பாக்கவே கண்டிக்கு ஆளுங்க வருவாங்க” என்றான். அன்றைக்கு மஹ்மூத் அவனுக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

சுவர் முடிந்து கூரை ஏறிய பிறகு கமிட்டி கூடியது. கமிட்டிகள் எதற்காகக் கூடுகின்றன என்று எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை. கண்டி மழைக்குச் செங்கல் ஊறும், ஆகவே உள்ளும் வெளியும் பூச வேண்டும் என்று தீர்மானம். கூரையின் மரவேலை பார்க்க இலட்சணமாக இருக்கிறது, ஆகவே அடிப்பலகை தேவையில்லை என்று இன்னொரு தீர்மானம். இரண்டையும் ஒரே மூச்சில் தீர்மானித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள்.

மஹ்மூத் தன் சுவரைத் தன் கையாலேயே மூடினார். கரண்டியால் சாந்தை அள்ளி அள்ளி, தான் பொறுக்கி வைத்த கற்களின் முகத்தில் அப்பினார். மேலே ஜமால்தீன் சாரத்தில் உட்கார்ந்து கூரை வளைமரங்களுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு பாட்டுப் பாடினான். பார்க்க வந்த ஒவ்வொருவரும் வாசலைத் தாண்டியதும் அண்ணாந்தார்கள். “என்ன கூரை, என்ன கூரை” என்றார்கள். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே கூரையைப் புகழ்ந்தார்கள். ஒருத்தர் மஹ்மூத்தையே கூப்பிட்டு, “இந்தக் கூரை செய்த ஓடாவி ஆரு?” என்று கேட்டார். மஹ்மூத் விரலால் மேலே காட்டினார்.

இவ்வளவையும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். ஏனென்றால் அவருக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. திறப்பு விழாவில் கட்டடம் கட்டிய ஆள் எல்லோருக்கும் முன்னால் வந்து, முன்கதவின் சாவியைப் பெரியவர் கையில் கொடுப்பார். அந்தச் சாவியைக் கொடுக்கப்போவது தானே என்று மஹ்மூத் இருந்தார். வேலையை எடுத்தது அவர்தானே? மாமனாரும் வருவார். கட்டுக்கலைச் சனமும் வரும். எல்லோருக்கும் தெரியட்டும் இது யார் கட்டியதென்று. அதற்கென்று வெள்ளைக் கோட்டு ஒன்றுகூடத் தைக்கக் கொடுத்திருந்தார்.

தேவசகாயம் மாஸ்டர் ஒரு பின்னேரம் வந்து, ஒரு சின்ன விஷயம் சொல்லுகிற மாதிரிச் சொன்னார். “மஹ்மூத், சாவியை ஜமால்தீனே குடுக்கட்டும். கதவு செய்தவர் குடுக்கிறதுதானே பொருத்தம். கூரையைப் பற்றிக் கொழும்பிலயும் கேள்விப்பட்டிருக்கினம். திறக்க வாற பெரிய பாதிரித் துரை அவரைப் பாக்கவேணும் எண்டு சொன்னவராம்.”

“சரி மாஸ்டர்” என்றார் மஹ்மூத்.

மாஸ்டர் போன பிறகு சாந்துத் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தவர் எழும்பவே இல்லை. சுவர் போயிற்று. சாவியும் போயிற்று. தன் பங்கு என்று இந்த மண்டபத்தில் அவருக்கு என்ன இருக்கிறது? இனி மிச்சம் தரை மட்டும். சிவப்புச் சீமெந்துத் தரை. அதையாவது யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

மேசனும் ஓடாவியும் சேர்ந்து வேலை செய்கிற இடத்தில் ஒரு முறை உண்டு. தரை போடுவதற்கு முன்பே கதவு பொருத்தப்படும். அதனால் தரை எந்த உயரத்துக்கு வரும் என்று மேசன் முதலிலேயே சுவரின் அடியில் காவி நூல் அடித்துக் கோடு போட்டுக் கொடுப்பார். ஓடாவி அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு மெல்லிய இடைவெளி விட்டுக் கதவின் அடியை அறுப்பான். பிறகு மேசன் தரையைக் கோட்டுக்குச் சரியாகக் கொண்டுவந்து முடிப்பார். ஓடாவி திரும்ப வந்து அளந்து பார்ப்பதில்லை. பார்த்தால் மேசனை நம்பவில்லை என்று அர்த்தம். சகலன்மாருக்குள் அப்படிப் பார்ப்பது இன்னும் கேவலம். ஜமால்தீனும் மஹ்மூத் போட்ட கோட்டை நம்பிக் கதவை அறுத்து, பிணைச்சல் அடித்துப் பொருத்திவிட்டுப் போயிருந்தான். உட்பக்கம் திறக்கிற இரட்டைக் கதவு அது.

முன்கதவைச் சாத்திவைத்துவிட்டுத் தரை போட்டார்கள். திறப்பு விழா வரைக்கும் அதை யாரும் திறக்கக்கூடாது, போக்குவரத்துக்குப் பக்கவாசல் போதும் என்பது கமிட்டியின் உத்தரவு. மஹ்மூத் கதவடியில் முழங்கால் போட்டு உட்கார்ந்து சிவப்புச் சாந்தைப் பரப்பினார். கோடு வந்தது. கை நிற்கவில்லை. கதவு சுழலும் இடம் மட்டும் கோட்டுக்கு மேலே ஒரு விரல் கனம் ஏறியது. கண்ணுக்குத் தெரியாத மாதிரி மெல்ல ஏற்றி மெல்ல இறக்கினார். கள்ள வேலைதான், ஆனால் அவர் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

பழனியாண்டி பார்த்துவிட்டான். “பாஸு, கோடு உள்ளுக்கப் போயிருச்சே.”

“நீ சாந்தக் கொழ.”

அவன் குழைத்தான். தரையில் ஈரச் சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றிக் காயவிட்டார்கள். சாக்கை எடுத்தபோது தரை முகம் பார்க்கிற மாதிரி மினுங்கியது.

திறப்பு விழாவுக்குச் சனம் நிறைந்து வழிந்தது. தோட்டத்து ஆட்கள் புதுவேட்டியில் வந்திருந்தார்கள். பறங்கிப் பெண்கள் தொப்பி போட்டிருந்தார்கள். மாமனார் தொப்பியும் அங்கியுமாக முன்வரிசையில் நின்றார். கொழும்பிலிருந்து வந்த பெரிய பாதிரியார் துரை ஜெபம் செய்தார். ஜமால்தீன் ஒரு சின்ன மெத்தையில் சாவியை வைத்து இரண்டு கையாலும் நீட்டினான். துரை அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். சனம் கைதட்டியது. புதுக் கோட்டோடு தூணோரமாக நின்ற மஹ்மூத் கைதட்டவில்லை. அவர் கதவின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

துரை சாவியைத் திருப்பிக் கதவைத் தள்ளினார். கதவு நாலு விரல் அகலம் திறந்தது. கரகரவென்று ஒரு சத்தம். பிறகு நின்றுவிட்டது. துரை இன்னொரு தரம் தள்ளினார். அசையவில்லை. தேவசகாயம் மாஸ்டர் ஓடிவந்து தோளைக் கொடுத்தார். மற்றக் கதவும் அதே நாலு விரலோடு நின்றது. பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பிறகு அடக்க முடியாமல் பலபேர் சிரித்தார்கள். எல்லோர் கண்ணும் ஜமால்தீன் மேல் போனது. மஹ்மூத்துக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. பொய் சொல்வானேன், அந்தக் கணத்தில் அவர் சந்தோஷமாக இருந்தார்.

ஜமால்தீன் முழங்காலில் உட்கார்ந்தான். கதவின் இடுக்கால் கையை விட்டுத் தரையைத் தடவினான். சுவரடியில் கோடு இருக்கவேண்டிய இடத்தைத் தேடினான். பிறகு தலையைத் தூக்கித் தூணோரம் பார்த்தான். ஒரே ஒரு தடவை. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, மாஸ்டரிடம் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

“என்ட பிழதான் மாஸ்டர். அடிய அறுக்கக்குள்ள அளவு தப்பிட்டு. தொரைட்டச் சொல்லுங்க, பின்னேரத்துக்குள்ள சீவித் தாறன்.”

துரையைப் பக்கவாசலால் கூட்டிப்போனார்கள். மாமனார் யாரையும் பார்க்காமல் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். வெயில்கூட இருக்கவில்லை.

பின்னேரம் ஜமால்தீன் கதவுகளைக் கழற்றிக் கிடத்தினான். மஹ்மூத் வீட்டுக்குப் போகமுடியாமல் அங்கேயே நின்றார். அவன் கேட்பான், சண்டை பிடிப்பான், சட்டையைப் பிடிப்பான் என்று காத்திருந்தார்.

“நானா, அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க” என்றான் ஜமால்தீன், எப்போதும் போல அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி. மஹ்மூத் பிடித்தார். சீவுளி ஓடியது. மரத்தூள் அவர் புதுக் கோட்டில் விழுந்தது.

“ஏன் அப்படிச் சொன்ன?” என்றார் மஹ்மூத் கடைசியில்.

“வேற என்னத்தச் சொல்ல? நடந்தத வீட்டுல சொல்லவாணாம். றம்லத் தாத்தாவும் தங்கச்சி ஸக்கியாவும் மொகம் பாக்காமப் போயிடுவாங்க. மாமாக்கும் வயசு.” கதவைப் புரட்டிப் போட்டான். “நல்லாப் புடிங்க நானா, ஆடுது.”

அதோடு முடிந்திருக்கலாம். மஹ்மூத் வெட்கப்பட்டார், திருந்தினார் என்று சொல்லி நானும் எழுந்து போயிருப்பேன். அந்த இரவு அவர் தூங்கவில்லை என்பது உண்மை. ஆனால் திருந்துவது அவ்வளவு இலேசில்லை. திங்கட்கிழமை மாஸ்டர் அவரை வழியில் கண்டு நிறுத்தினார். அவர் முகம் முழுக்க மகிழ்ச்சி.

“நேற்றுப் பிரசங்கம் உம்மட சகலனைப் பற்றித்தான். அத்தனை சனத்துக்கு முன்னால என்ட பிழை எண்டு சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? எங்கட கர்த்தரும் ஒரு தச்சன்தான் எண்டு பாதிரி ஐயர் சொல்லேக்க சனம் அழுதிட்டுது. கோயிலுக்குச் சனம் இருக்கப் புது வாங்குகள் செய்யிற வேலையையும் அவருக்கே குடுக்கிறதெண்டு கமிட்டி முடிவு செய்திட்டுது.”

மஹ்மூத் நடுத்தெருவில் நின்றார். கூரைக்குப் பேர் அவனுக்கு. சாவி அவனுக்கு. போகட்டும். இப்போது கதவு இறுகினதுக்கும் பேர் அவனுக்கா? அது மஹ்மூத் செய்த வேலை. இந்த மண்டபத்தில் அவர் தனக்கென்று செய்த ஒரே வேலை. அதையும் எடுத்துக்கொண்டு போய்ப் புண்ணியமாக்கி வைத்துக்கொண்டானே.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அதையே நினைத்தார். வேலைக்குப் போன இடத்தில் கல் கோணலாகப் போயிற்று. றம்லத் பரிமாறிக்கொண்டே, “கோயில்ல ஜமால் தம்பியப் பத்தி ஓதினாங்களாமே” என்றதும் பீங்கானைத் தள்ளிவிட்டு எழுந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் போனார். மாஸ்டர் உள்ளே தனியாகக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், அந்தப் பிழ ஜமால்ட இல்ல. என்ட.”

“என்ன சொல்லுறீர்?”

“கதவு சரியா ஈந்த. தரைதான் ஒசந்து போன. கோட்டுக்கு மேலால நான்தான் ஒரு வெரல் ஏத்தினன். வேணுமெண்டே ஏத்தினன்.” சொல்லச் சொல்ல அவர் குரல் உயர்ந்தது. தவறை ஒப்புக்கொள்கிற குரல் இல்லை அது. களவுபோன சாமானைத் திருப்பிக் கேட்கிற குரல்.

மாஸ்டர் கையிலிருந்த கதிரையை வைத்தார். “கோடு எங்கை?”

“தரைக்குள்ள ஈக்கி. ஒடச்சாத் தெரியும்.”

“இந்தத் தரையையோ உடைக்கிறது? கண்டியில இப்பிடியொரு தரை தான் காணேல்லை எண்டு பெரிய துரை குனிஞ்சு தொட்டுப் பாத்துச் சொன்னவர்.”

மஹ்மூத்துக்குச் சட்டென்று விளங்கவில்லை. “எப்ப சொன்ன?”

“திறப்பு விழாவிலதான். தரை போட்ட மேசன் ஆர் எண்டும் கேட்டவர். அந்தக் கதவுக் கரைச்சலுக்குள்ள உமக்குச் சொல்ல மறந்துபோனன்.”

மஹ்மூத் மறுபடியும், “பிழ என்ட, மாஸ்டர்” என்றார். இந்தத் தடவை மெதுவாக.

தேவசகாயம் மாஸ்டர் கோபப்படவில்லை. பிள்ளைகளிடம் பேசுகிற குரலில் பேசினார். “மஹ்மூத், உமக்கு ஜமால்தீனிலை எரிச்சல் எண்டு எனக்குத் தெரியாதே? கோயில் முழுக்கத் தெரியும். அந்த ஆளுக்கும் தெரியும். ஆனால் அவர் ஒரு பிழை விட்டு, அதை ஒப்புக்கொண்டு ஒரு நல்ல பேர் எடுத்தால், அந்தப் பிழையையும் எனக்குத் தா எண்டு வந்து நிக்கலாமோ?”

கோயில் முழுக்கத் தெரியும் என்ற இடத்திலேயே மஹ்மூத் நின்றுவிட்டார். மாமிக்கும் தெரியுமா? றம்லத்துக்கு? மாஸ்டர் மறுபடி கதிரைகளை அடுக்கத் தொடங்கினார். மஹ்மூத் தன் தரையில் நடந்து வெளியே வந்தார்.

கோயில் வாசலில் ஜமால்தீன் புது வாங்குக்குப் பலகை அளந்துகொண்டிருந்தான். அவரைக் கண்டதும் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துவிட்டுச் சிரித்தான்.

“நானா, சோறு தின்டீங்களா? ஸக்கியா நெறயக் கட்டித் தந்தீக்கிறா, வாங்க.”

“தின்டிட்டன்” என்று பொய் சொல்லிவிட்டு மஹ்மூத் சரிவில் இறங்கிப் போனார்.